பூட்டாத திரைகள்

கைதட்டல் ஓய்வதற்குள் முதல் திரை அணைந்தது.

ஒரு பெரிய நிறுவனத்தின் துணைத் தலைவர் அப்போதுதான் சுவரில் மாட்டிய புதிய இணையப் பெட்டியின் பொத்தானை அழுத்தியிருந்தார். பச்சை விளக்கு எரிந்தது. படம் எடுப்பவர், "இன்னொரு தடவை சார், கை மறைக்குது" என்றார். துணைத் தலைவர் எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் விரலை வைத்து மறுபடியும் சிரித்தார்.

பெண்கள் பள்ளியின் கணினி அறை அது. பத்து மேசை, பத்து லேப்டாப், பத்து மாணவிகள். லேப்டாப்கள் நிறுவனம் கொடுத்தவை. அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்தவை. நிறுவனத்தின் தன்னார்வலர்கள் சனிக்கிழமைதோறும் வந்து, இவற்றில்தான் இந்தப் பத்துப் பேருக்கும் ஒரு வருடமாகக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னும் சற்று நேரத்தில் இதே அறையில், இணையம் வழியாக, நுழைவுத் தேர்வு. தேறினால் பொறியியல் கல்லூரியில் இலவச இடம். தேறாவிட்டால் என்ன என்று அந்தப் பத்து வீட்டிலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அணைந்த திரையின் நடுவில் நிறுவனத்தின் சின்னம் வந்தது. அதன்கீழ் ஒரு வெள்ளைக் கோடு மெல்ல நீளத் தொடங்கியது.

"அப்டேட் ஆகுது மிஸ்" என்றாள் அதன் முன்னால் இருந்த மாணவி, பெருமையாக.

கதவோரம் நின்றிருந்தவள் திரையை உற்றுப் பார்த்தாள். அது அப்டேட் இல்லை. அந்தத் திரையை வடிவமைத்தவளே அவள்தான். நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவுக்கு அவள் தலைவி.

இரண்டாவது திரை அணைந்தது. மூன்றாவதும்.

"வயரைப் பிடுங்குங்க" என்றாள். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. துணைத் தலைவரைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போய் அவளே பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. வெள்ளைக் கோடுகள் மட்டும் நிற்கவில்லை. பத்துத் திரையிலும் நீண்டுகொண்டே போயின. அழிக்கும் உத்தரவு ஒரு தடவை இறங்கிவிட்டால், பிறகு அதற்கு இணையம் தேவையில்லை. திருடன் வயரைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து அவள் செய்த ஏற்பாடு அது.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

கேட்டது அவள் நாத்தனார். இந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர். பத்துப் பேரையும் வீடு வீடாகப் போய்ப் பேசி இந்த அறையில் உட்காரவைத்தவள்.

"அழியுது" என்றாள் அவள். "எல்லாம்."

துணைத் தலைவர் சிரிப்பை இறக்காமலே கேட்டார். "என்ன எல்லாம்?"

"லேப்டாப்பை ஆபீஸ்ல கழிச்சுக்கட்டினா, அழிச்சுடுன்னு எங்க பிரிவுலேர்ந்து ஒரு உத்தரவு போகும் சார். மெஷின் எப்ப இணையத்துல வருதோ, அப்பப் போய்ச் சேரும். இதையெல்லாம் ஸ்கூலுக்குக் குடுத்தப்ப எங்ககிட்ட யாரும் சொல்லல. நாங்க உத்தரவைத் திரும்ப எடுக்கல."

"ஒரு வருஷமா நல்லாத்தானே ஓடுச்சு?"

"இங்க இணையம் கிடையாது சார். நம்ம பசங்க, நெட் இல்லாமலே ஓடற மாதிரி பாடத்தை எழுதிக் குடுத்திருக்காங்க."

அது தன்னார்வலர்களின் நல்ல மனசு. அந்த நல்ல மனசால் உத்தரவு ஒரு வருடமாக வாசலிலேயே காத்துக்கிடந்தது. இன்றைக்கு நிறுவனத்தின் தொண்டு நாள் பரிசாக இணையம் வந்தது, கதவு திறந்தது, அதுவும் உள்ளே வந்துவிட்டது.

துணைத் தலைவர் படம் எடுப்பவரை வெளியே போகச் சொல்லிக் கண்ணால் காட்டினார். "சரி பண்ணுங்க" என்றார் அவளிடம். "கீழ பேரண்ட்ஸ், பத்திரிகைக்காரங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. நான் பேசணும்." போய்விட்டார். சரி பண்ணுங்க என்ற இரண்டு வார்த்தையை வைத்தே அவர் துணைத் தலைவர் வரை வந்தவர் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு.

மாணவிகள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நாத்தனார் அவளை நடைவழிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வருஷா வருஷம் வந்து இந்தச் சுவத்துக்குப் பெயிண்ட் அடிப்பீங்க. சுவர் தடிச்சு, ரூமே சின்னதாப் போச்சுன்னு நான்கூடக் கிண்டல் பண்ணியிருக்கேன். ஆனா இவ்வளவு பெரிய உதவியை நான் எதிர்பார்க்கல அண்ணி."

"பேசி முடிச்சிட்டியா?"

"இல்ல. மிச்சத்தை வீட்டுக்கு வந்து பேசறேன். இப்ப என்ன செய்யறது?"

"வேற மெஷின் வேணும். ஸ்கூல்ல எத்தனை இருக்கு?"

"ஆபீஸ் ரூம்ல ஒண்ணு. அதை ஆன் பண்ணா ரெண்டு பீரியட் கழிச்சு எழுந்திரிக்கும்."

தேர்வு வாரியத்தின் மேற்பார்வையாளர் நடைவழியின் கடைசியில், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் வருவதைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தேர்வைத் தள்ளிவைக்கிற அதிகாரம் எனக்கு இல்லம்மா. நாடு பூரா ஒரே நேரம். ஆரம்பிச்சு அரை மணி வரைக்கும் உள்ள வரலாம். அப்புறம் அந்தத் தேர்வுப் பக்கமே மூடிடும்."

"மெஷின் எதுவா இருந்தாலும் பரவாயில்லையா?"

"எந்த மெஷினோ, அது என் கவலை இல்ல. எழுதுற பொண்ணு உள்ள இருக்கணும். வேற யாரும் இருக்கக் கூடாது. டீச்சரும் கிடையாது. மெஷினுக்குச் சொந்தக்காரரும் கிடையாது."

அவள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். மைதானத்தின் ஒரு பக்கம் மேடை. மறுபக்கம் தன்னார்வலர்கள், முதுகில் "கை கொடுப்போம்" என்று எழுதிய சட்டையோடு, சுவருக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார்கள். நிழலில் பெஞ்சின்மேல் அவர்களுடைய பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பையிலும் ஒரு லேப்டாப். பெயிண்ட் அடிக்க வருகிறவனுக்கு லேப்டாப் எதற்கு? அலுவலக லேப்டாப்பை விட்டுவிட்டு எங்கேயும் போகக் கூடாது என்று விதி. அந்த விதியை எழுதியவளும் அவள்தான்.

அதற்கு அடுத்த விதி இன்னும் கடுமையானது. லேப்டாப்பைத் திறந்த நிலையில் வெளியாள் கையில் கொடுத்தால் வேலை போகும். இரண்டு வருடத்தில் மூன்று பேருக்குப் போயிருக்கிறது. மூன்று பேரின் அறிக்கையையும் அவள் கையெழுத்திட்டு அனுப்பினாள்.

அவள் படியிறங்கினாள்.

*

அலுவலகத்தில் அவளுக்குத் தூண்டில் என்று பெயர். முகத்துக்கு முன்னால் யாரும் சொல்வதில்லை. ஊழியர்களை ஏமாற்ற வெளியிலிருந்து என்னென்ன பொய் மெயில் வரக்கூடுமோ, அதையெல்லாம் அவளே முதலில் எழுதி அனுப்பிப் பார்ப்பாள். கடித்தவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு. அவர்கள் முகம் கேண்டீன் திரையில் ஒரு வாரம் ஓடும்.

பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களைச் சுவரோரம் கூட்டி, குரலை உயர்த்தாமல் விஷயத்தைச் சொன்னாள். பத்து லேப்டாப்பும் போய்விட்டது. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "உங்க லேப்டாப்பைத் திறந்து, மேல கொண்டுபோய் வச்சிட்டு, வெளிய வந்துடணும்."

ஒருவன் கையிலிருந்த பிரஷ்ஷிலிருந்து மஞ்சள் சொட்டிக்கொண்டிருந்தது.

"திறந்தா மேடம்?" என்றான் தாடிக்காரன். நெட் இல்லாமல் ஓடுகிற பாடத்தை எழுதியது அவன்தான்.

"திறந்து."

"வச்சிட்டு வெளிய?"

"ஆமா."

தாடிக்காரன் மற்றவர்களைப் பார்த்தான். "நல்லா இருக்கு மேடம். இந்தத் தடவை நேர்லயே வந்துட்டீங்க."

"என்ன சொல்றீங்க?"

"போன மாசம் ஒரு மெயில் வந்துச்சு. 'ஒரு குழந்தையின் படிப்புக்கு உதவ விருப்பமா, இங்கே அழுத்தவும்.' அழுத்தினேன். ஒரு நாள் பூரா கிளாஸ்ல உக்கார வச்சீங்க. என் மூஞ்சி கேண்டீன்ல ஓடுச்சு. என் பொண்டாட்டியும் அதே கேண்டீன்லதான் சாப்பிடறா."

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பில் சந்தேகம் இருந்தது.

"இது டெஸ்ட் இல்ல."

"அப்படித்தான் மேடம் சொல்லணும். டெஸ்டுன்னு சொல்லிட்டு யாராவது டெஸ்ட் வைப்பாங்களா? அவசரம்னு சொல்லுவாங்க, குழந்தைங்கன்னு சொல்லுவாங்க, யோசிக்க நேரம் குடுக்க மாட்டாங்க. இது மூணும் இருந்தா நம்பாதீங்கன்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க."

மூன்றும் இருந்தன. அவளாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

"கெஸ்ட் லாகின்னு ஒண்ணு இருந்துச்சே மேடம்?" என்றாள் ஒரு பெண், பின்னாலிருந்து. வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆனவள். "அதுல போனா நம்ம மெயில் எதுவும் தெரியாதே?"

"இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்."

மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். அவள் தன் பையைத் திறந்தாள். லேப்டாப்பை எடுத்துப் பெயிண்ட் டப்பாவின் மூடிமேல் வைத்தாள். எல்லாரும் பார்க்க, கையால் மறைக்காமல், கடவுச்சொல்லைத் தட்டினாள்.

"இது டம்மியா இருக்கும்" என்றான் பிரஷ் வைத்திருந்தவன், மெதுவாக.

அவள் மெயில் பெட்டியைத் திறந்து திரையைத் திருப்பினாள். தாடிக்காரன் குனிந்தான். மேலிருந்து மூன்றாவது, அவனே துணைத் தலைவருக்கு எழுதிய புகார். பாதுகாப்புப் பிரிவுத் தலைவிக்கு மனிதத்தன்மை என்று ஒன்று இருக்கிறதா எனத் தொடங்கியது. துணைத் தலைவர் அதை அப்படியே அவளுக்கு அனுப்பிவைத்திருந்தார். மேலே, "சரி பண்ணுங்க."

தாடிக்காரன் நிமிர்ந்தான். முகம் சுவரின் நிறத்துக்கு வந்திருந்தது.

"டம்மி இல்லப்பா" என்றான்.

பிறகு வேலை சட்டென்று நடந்தது. பைகள் திறந்தன. மஞ்சள் விரல்கள் விசைகளில் மஞ்சள் தடம் விட்டுச் சென்றன. அவள் எண்ணினாள். அவளுடையதையும் சேர்த்துப் பத்துக்கு ஒன்று குறைந்தது. இருவர் காரில் வந்தவர்கள். லேப்டாப்பை வண்டியில் பூட்டிவிட்டு, வண்டியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இன்னொரு நாளாக இருந்தால் அதற்கே ஒரு வகுப்பு எடுத்திருப்பாள்.

நான்கு மாதக்காரி பையை நீட்டினாள்.

"நீ வேண்டாம்" என்றாள் அவள். "உனக்கு வேலையே இன்னும் நிரந்தரம் ஆகல. இவங்களுக்கெல்லாம் நான் சொன்னேன்னு நான் பேசுவேன். உனக்குப் பேச முடியாது."

அந்தப் பெண் பையைத் திறந்து லேப்டாப்பை எடுத்தாள். கடவுச்சொல்லைத் தட்டினாள். பெஞ்சின்மேல் வைத்தாள்.

"பாத்ரூம் போறேன் மேடம். பூட்ட மறந்துட்டேன்." திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

*

பிடுங்கிய வயரை மறுபடி மாட்டியாயிற்று; பச்சை விளக்கு எரிந்தது. அறைக்கு வெளியே வைத்தே நாத்தனார் மாணவிகளுக்குச் சொன்னாள். ஓரத்தில் ஏதாவது எட்டிப் பார்க்கும், தொடாதே. வேறு எதையும் திறக்காதே. கை வைக்காமல் சும்மா விட்டால் பூட்டிக்கொள்ளும். யோசிக்கும்போதும் விரல் அசையணும்.

"சிலை, உனக்குத்தான் சொல்றேன்."

சிலை என்பது உயரமான, ஒல்லியான மாணவி. ஒரு கணக்கைக் கொடுத்தால் அசையாமல் உட்கார்ந்துவிடுவாள். கண்கூட இமைக்காது. கொஞ்ச நேரம் கழித்து விடையை மட்டும் எழுதுவாள். பத்துப் பேரில் தேறுவாள் என்று நாத்தனார் அடித்துச் சொன்னது அவள் ஒருத்தியைத்தான். அதனால் அவளுக்கே அண்ணியின் லேப்டாப்பைக் கொடுத்திருந்தாள். பத்தில் அதுதான் புதிது.

"யோசிக்கும்போது எப்படி மிஸ் அசையறது?" என்றாள் சிலை.

"ஷிஃப்ட் பட்டனைத் தட்டிக்கிட்டே இரு. தலையைச் சொறியற மாதிரி நினைச்சுக்கோ."

மேற்பார்வையாளர் கதவைச் சாத்தினார். தேர்வுப் பக்கத்துக்குள் ஒவ்வொருவராக நுழைவதைத் தன் கருவியில் பார்த்து, கடைசிப் பெயர் வந்ததும் கதவுக் கண்ணாடி வழியாக நடைவழிக்குத் தலையசைத்தார். அரை மணிக்குள் பத்துப் பேரும் வந்துவிட்டார்கள்.

நடைவழி பெஞ்சில் லேப்டாப்பின் சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசல் மாதிரி இருந்தது. நான்கு மாதக்காரி மட்டும் இன்னும் பாத்ரூமில் இருந்தாள்.

அண்ணியின் போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தாள். எச்சரிக்கை. தாடிக்காரனின் லேப்டாப்பில் வேறு யாரோ தட்டுகிறார்கள். சிவப்பில் ஒரு பொத்தான், பூட்டு. பச்சையில் ஒரு பொத்தான், ஆபத்தில்லை.

அதை அவள் மறந்தே போயிருந்தாள். ஒவ்வொருவரும் விசைகளைத் தட்டும் தாளம் வேறு. அந்தத் தாளத்தைப் பழகிக்கொண்டு, கை மாறினால் கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு ஒன்றைச் சென்ற வருடம் கொண்டுவந்தாள். அதற்காக நிறுவனத்துக்கு ஒரு கேடயம்கூடக் கிடைத்தது. வாங்கியவர் துணைத் தலைவர். பத்து நிமிடத்துக்குள் யாரும் பதில் சொல்லாவிட்டால், அதுவே பூட்டிவிடும்.

பச்சையை அழுத்தினாள். இனி இன்று முழுக்க அந்த லேப்டாப்பைப் பற்றிக் கேட்காது. அடுத்தது வந்தது. அழுத்தினாள். பிரஷ் வைத்திருந்தவனுடையது. அழுத்தினாள். ஒவ்வொரு அழுத்தலும் அவள் பெயரில் பதிவாகும். பரவாயில்லை.

ஒன்பது வந்தன. பத்தாவது வரவில்லை.

"என்ன அண்ணி, முகம் இப்படிப் போகுது?" என்றாள் நாத்தனார்.

"என்னுது வரல."

"வராட்டி நல்லதுதானே?"

"என் லேப்டாப்பைப் பத்தின எச்சரிக்கை எனக்கு வராது. அவங்கவங்க தப்பை அவங்கவங்களே சரின்னு சொல்லக் கூடாதில்ல? எனக்கு மேல இருக்கறவருக்குப் போகும்."

நாத்தனார் ஜன்னலைப் பார்த்தாள். கீழே மைக்கில் துணைத் தலைவரின் குரல் கேட்டது. அவர் பேச்சை எப்போதும் போனைப் பார்த்துத்தான் படிப்பார்.

"ஒரு குழந்தை," என்றது குரல், "ஒரு கனவு. அந்தக் கனவுக்கு நாங்கள்—"

குரல் நின்றது.

அவள் ஓடினாள்.

*

மேடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் நாற்காலிகள். அவள் நடு வரிசையில் புகுந்து போனாள். யாரோ ஒருவருடைய காலை மிதித்தாள். முன்வரிசையில் சிலையின் அம்மா, மருத்துவமனைச் சலவைப் பிரிவின் நீல உடுப்போடு, அரை நாள் லீவில் வந்து உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்பதுபோல் பாதி எழுந்தார்.

துணைத் தலைவர் போனை முகத்துக்குக் கிட்டே பிடித்திருந்தார். அவர் பேச்சை மறைத்துக்கொண்டு சிவப்பும் பச்சையும் நின்றிருக்கும். கட்டைவிரல் மேலே எழும்பியது.

"சார்."

அவள் மேடையேறிவிட்டாள். அவர் மைக்கைக் கையால் மூடினார்.

"உங்க லேப்டாப் யார்கிட்ட இருக்கு?"

"ஒரு பொண்ணு பரீட்சை எழுதறா."

"அதுல என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"என்னைவிட வேற யாருக்கும் தெரியாது சார்."

"மத்தவங்களும் குடுத்திருக்காங்களா?"

"நான் சொன்னேன். குடுத்தாங்க."

அவர் கழுத்தில் ஒரு நரம்பு எழுந்தது. சிரிப்பு மட்டும் முகத்திலேயே இருந்தது; முன்னால் கேமராக்கள் இருந்தன. "நீங்களே இதைப் பண்ணலாமா? வேற ஒருத்தன் பண்ணியிருந்தா இந்நேரம் கேட்டுக்கு வெளிய நிறுத்தியிருப்பீங்க."

"நிறுத்தியிருப்பேன்."

"அப்ப நான் பூட்டறேன்."

"பூட்டுங்க சார். உங்களுக்கு அந்த உரிமை இருக்கு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஆனா அந்தப் பொண்ணோட அம்மா அதோ முன்னால உக்காந்திருக்காங்க. நீல டிரெஸ். ஏன் பூட்டினோம்னு அவங்ககிட்ட என்னால சொல்ல முடியாது. மைக் உங்க கையில இருக்கு. சொல்லிட்டுப் பூட்டுங்க."

அவர் நீல உடுப்பைப் பார்த்தார். கேமராக்களைப் பார்த்தார். கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. யாரோ இருமினார்கள்.

பிறகு விரல் இறங்கியது. அவள் நின்ற இடத்திலிருந்து நிறம் தெரியவில்லை. மாடி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் அங்கே நின்று அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இவள் பக்கம் திரும்பினாள். கையைத் தூக்கி, பூட்டவில்லை என்பதுபோல் அசைத்தாள். பச்சை.

துணைத் தலைவர் மைக்கைத் திறந்தார்.

"மன்னிக்கணும். ஒரு சின்ன தொழில்நுட்பக் கோளாறு." கூட்டத்தைப் பார்த்தார். போனைப் பார்க்கவில்லை. "இப்போது மாடியில் உங்கள் குழந்தைகள் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எதில் தெரியுமா? எங்கள் ஊழியர்கள் தங்கள் சொந்த லேப்டாப்பை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஏன்? எங்கள் நிறுவனத்தில் விதிகள் உண்டு. ஆனால் குழந்தையைவிடப் பெரிய விதி கிடையாது."

கைதட்டல் எழுந்தது. கேமராக்கள் மின்னின. சிலையின் அம்மாவும் தட்டினார், அவளைப் பார்த்துக்கொண்டே.

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். மனுஷன் மேடையில் நின்று பெருமையைச் சுருட்டிக்கொண்டார். சுருட்டட்டும். பத்திரிகை முன்னால் சொன்ன பிறகு அந்த ஒன்பது பேர்மேல் இனி அவர் கை வைக்க முடியாது. தெரிந்து சொன்னாரா, வாயில் வந்துவிட்டதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கொடுக்கச் சொன்ன அவளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது படியேறும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

*

தேர்வு முடிய இன்னும் நேரம் இருந்தது. கதவு திறந்தது.

சிலை வெளியே வந்தாள். லேப்டாப்பைத் தட்டு ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள். பின்னால் மேற்பார்வையாளர் கதவைச் சாத்தினார்.

நாத்தனார் எழுந்துவிட்டாள். "ஏன்டி வந்துட்ட? பூட்டிக்கிச்சா?"

"இல்ல மிஸ். முடிச்சிட்டேன். அனுப்பிட்டேன். 'பெறப்பட்டது'ன்னு வந்துச்சு."

"அதுக்குள்ள எல்லாமா?"

சிலை அண்ணியின் பக்கம் திரும்பினாள். "மேடம், நடுவுல ஓரத்துல உங்களுக்கு ஒரு மெயில் வந்துச்சு. நான் திறக்கல. தலைப்பு மட்டும் தானா தெரிஞ்சுது."

"என்ன தலைப்பு?"

"'பணி இடைநீக்கம், உடனடியாக.' உங்க பேரு போட்டிருந்துச்சு."

கீழே மேடைக்காரர்கள் நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. துணைத் தலைவர் மேடையிலிருந்து இறங்கி, காரில் ஏறுவதற்குள் சொல்லி அனுப்பியிருப்பார்.

"அதைப் பாத்துட்டும் எழுதினியா?" என்றான் தாடிக்காரன்.

"எழுதத்தானே சார் உக்காந்தேன்." சிலை மறுபடி அவளிடம் திரும்பினாள். "வேலையை விட்டு நிறுத்தினா லேப்டாப்பையும் நிறுத்துவாங்கதானே மேடம்? எப்பன்னு தெரியல. அனுப்பறதுக்குள்ள பூட்டிட்டா போட்டதெல்லாம் போயிடும். அதான் வேகமாப் போட்டேன். கடைசியில ரெண்டு கணக்கு நிறைய நேரம் பிடிக்கற மாதிரி இருந்துச்சு. அதை விட்டுட்டு அனுப்பிட்டேன்."

"அந்த ரெண்டும் உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"எத்தனை மார்க்?" என்றாள் நாத்தனார்.

"எட்டு மிஸ்."

எட்டு மார்க்கில் போன வருடம் எத்தனை பேர் வெளியே நின்றார்கள் என்று நாத்தனாருக்குத் தெரியும். அண்ணி லேப்டாப்பைப் பார்த்தாள். திரை திறந்தேதான் இருந்தது. மெயில் பெட்டி, புகார், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஒருவேளை இன்றைக்குப் பூட்டவே மாட்டார்களோ. ஒருவேளை அந்தப் பெண்ணுக்கு அந்த இரண்டு கணக்குக்கும் நேரம் இருந்திருக்குமோ. இதைக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது, சிலையின் கையிலேயே திரை கறுத்தது. சின்னம் வந்தது. அதன்கீழ், இந்தக் கணக்கு நிறுத்தப்பட்டது.

சிலை அதைக் குனிந்து படித்தாள்.

"பூட்டிட்டாங்க" என்றாள். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டாள். "சாரி மேடம்."

"சாரி எதுக்கு? சரியாத்தான் பண்ணியிருக்க." அவள் லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள். விசைகளில் இன்னும் சூடு இருந்தது. "போ. அம்மா கீழ இருக்காங்க."

சிலை நான்கு படி இறங்கினாள். நின்றாள்.

"உங்க வீட்டுல என்ன சொல்வீங்க மேடம்?"

"அதை நான் சொல்லிக்கறேன், எங்க அண்ணன்கிட்ட" என்றாள் நாத்தனார். "நீ கிளம்பு."

சிலையின் காலடி ஓய்ந்தது. தாடிக்காரன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். நாத்தனாரும் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

உள்ளே ஒன்பது பேர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.